ஷட்டவுன் பண்ணினா ஷட்டவுன் ஆகித் தொலைய வேண்டியதுதானே!

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சுது. அதுலேர்ந்து 11-க்கு மாறினவங்ககிட்ட அடிக்கடி கேக்கற புலம்பல் இது: எந்த சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணப் போனாலும் "டெம்ப் ஃபோல்டர் இருக்கற டிரைவ் நிரம்பிடுச்சு, இல்லைன்னா அணுக முடியலை"ன்னு எரர். (டெம்ப்னா புரோகிராமெல்லாம் தற்காலிக ஃபைல்களைப் போட்டு வைக்கற இடம்.) சி டிரைவ்ல 200 ஜிபி காலியாக் கிடக்கும். உடனே ஒரு மகானுபாவர் வந்து டிஸ்க் கிளீனப் பண்ணச் சொல்வார். இன்னொருத்தர் சிஸ்டம் ஃபைல் செக்கரை ஓட்டச் சொல்வார். மூணாவது ஆள் நேரா "ஃபார்மட் அடிச்சிடுங்க". ஐயா, டெம்ப் எந்த டிரைவ்ல இருக்குன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?

அது சி-ல இல்லவே இல்லை. என்னிக்கோ "கம்ப்யூட்டர் பறக்க பத்து வழி" படிச்சுட்டு, ரேம்ல 4 ஜிபியைப் பிரிச்சு ஆர் டிரைவ்னு ஒரு ரேம் டிஸ்க் (ரேமையே டிரைவ் மாதிரி காட்டற ஏற்பாடு) போட்டு, டெம்ப் எங்க இருக்குன்னு புரோகிராம்களுக்குச் சொல்ற டெம்ப், டிஎம்பி ரெண்டு வேரியபிளையும் அங்க திருப்பி விட்டாச்சு. அப்கிரேடுல வேரியபிள் பத்திரமா வந்து சேர்ந்துடுச்சு. டிரைவ் வரலை. இடிச்சுட்ட வீட்டோட விலாசத்துக்கே ஒவ்வொரு புரோகிராமும் போய்க் கதவைத் தட்டுது.

முதல்ல அதைச் சரி பண்ணுங்க, விசாரணை அப்புறம். ஸ்டார்ட்ல தேடி என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் பெட்டியைத் திறங்க. மேல யூசர் பகுதியில இருக்கற ரெண்டையும் உங்க யூசர் ஃபோல்டருக்குள்ள ஆப்டேட்டா, லோக்கல், டெம்ப்னு பழைய இடத்துக்கே கொண்டு வாங்க. கீழ சிஸ்டம் பகுதியில இருக்கற ரெண்டும் சி டிரைவ் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கற டெம்ப்புக்கு. மொத்தம் நாலு. மேல ரெண்டை மட்டும் மாத்திட்டு, கீழ இருக்கறதை மறந்துட்டு, "இன்னும் சரியாகலை"ன்னு வரவங்களுக்குக் குறைவே இல்லை. மாத்தினப்புறம் சைன் அவுட் பண்ணி உள்ள வரணும்.

இப்போ டிரைவ் எங்க போச்சு? ஒரே ஒரு சோதனை போதும். ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்க. அப்புறம் ஷட்டவுன் பண்ணி, பட்டனை அழுத்தி ஆன் பண்ணிப் பாருங்க. ரீஸ்டார்ட்ல ஆர் டிரைவ் வருது, ஷட்டவுனுக்கு அப்புறம் வரலைன்னா குற்றவாளி கிட்டத்தட்ட உறுதி: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்.

2012-ல விண்டோஸ் 8-ஓட வந்த புண்ணியவான் இவர். ஷட்டவுன்னு நீங்க அழுத்தினா உங்களை மட்டும் லாக் ஆஃப் பண்ணிட்டு, கெர்னலையும் (விண்டோஸோட மையப் பகுதி) டிரைவர்களையும் (சாதனங்களை இயக்கற புரோகிராம்கள்) அப்படியே டிஸ்க்ல ஹைபர்னேஷன் ஃபைல்ல எழுதி வெச்சுட்டுத் தூங்கப் போயிடும். மறுநாள் நடக்கறது பூட் இல்லை, முழிப்பு. குறிச்ச நேரத்துல வேலையைத் தானா ஓட்டற டாஸ்க் ஷெட்யூலர்ல "கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகும்போது"ன்னு ரேம் டிஸ்க்குக்குப் போட்டு வெச்ச டாஸ்க், ஸ்டார்ட்டே ஆகலைன்னா எப்படி ஓடும்? சந்தேகமா இருந்தா டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்துல அப் டைம் பாருங்க. ராத்திரி அணைச்ச மெஷின் ஒன்பது நாளா ஓடிட்டிருக்குன்னு கூசாம சொல்லும்.

நிறுத்த, கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்யணும்ங்கற பக்கத்தைத் திறங்க. அங்க ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கான டிக் மங்கிப் போய் அழுத்த முடியாத மாதிரி இருக்கும். மேல இருக்கற "இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று" லிங்க்கை முதல்ல தட்டணும். (இந்தப் பெயரை வெச்சவருக்கு ஒரு கும்பிடு.) ஒரு தடவைக்கு மட்டும் முழு ஷட்டவுன் வேணும்னா ஷிஃப்ட்டைப் பிடிச்சுக்கிட்டு ஷட்டவுன் அழுத்தினாப் போதும். எரியறது எங்கன்னா, போன வருஷமே அந்த டிக்கை எடுத்திருப்பீங்க. பெரிய அப்டேட் ஒண்ணு வந்து சத்தமில்லாம மறுபடி போட்டுட்டுப் போயிருக்கும். நாம எடுத்த முடிவை மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வரி கேட்டா என்ன குறைஞ்சுடும்?

ரீஸ்டார்ட்லயும் வரலையா? அப்போ குற்றவாளி ரேம் டிஸ்க்கோட டிரைவர். விண்டோஸ் 7 காலத்து ரேம் டிஸ்க் புரோகிராம்னா இது சகஜம். 2016-ல வந்த விண்டோஸ் 10-ஓட 1607 பதிப்புலேர்ந்து, செக்யூர் பூட் (ஸ்டார்ட் ஆகும்போதே கையெழுத்தைச் சரிபார்க்கற காவல்) ஆன்ல இருந்தா, புது கெர்னல் டிரைவர் மைக்ரோசாஃப்ட் கையெழுத்தோட வரணும். 2015 ஜூலை 29-க்கு முன்னாடி கொடுத்த சான்றிதழ்ல கையெழுத்தானதுக்கு அப்போ விலக்கு கொடுத்தாங்க. டிவைஸ் மேனேஜர்ல கோட் 52 காட்டினா இந்தக் கையெழுத்துப் பிரச்சினைதான். இன்னொரு வில்லன் மெமரி இன்டக்ரிட்டி, சந்தேகமான டிரைவரைக் கெர்னலுக்குள்ள விடாத காவல். விண்டோஸ் செக்யூரிட்டியில டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன்குள்ள இருக்கும். பொருத்தமான ஹார்ட்வேர்ல விண்டோஸ் 11-ஐப் புதுசா இன்ஸ்டால் பண்ணினா இது தானாவே ஆன். அதை அணைச்சுப் போட்டு ரேம் டிஸ்க்கை ஓட்டுங்கன்னு சொல்ற வீடியோக்களைப் பார்த்தா ரத்தம் கொதிக்குது. டெம்ப் ஃபைலுக்காகக் கெர்னலோட காவலை எடுக்கறதா? பழைய புரோகிராமை முழுசா அன்இன்ஸ்டால் பண்ணி, ரீஸ்டார்ட் பண்ணி, புது பதிப்பைப் போடுங்க. புது பதிப்பே இல்லைன்னா அந்தப் புரோகிராமுக்கு ஒரு முழுக்கு.

ஐஎம்டிஸ்க்ங்கற ரேம் டிஸ்க் புரோகிராம் போடற டிரைவ் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல எப்பவுமே தெரியாது, அங்க தேடி அலற வேண்டாம். ஆர்ங்கற எழுத்தை வேற எந்த டிரைவாவது பிடிச்சிருக்கான்னு பார்க்கத்தான் அங்க போகணும். 2018 ஏப்ரல் அப்டேட்ல ரெக்கவரி பார்ட்டிஷனுக்கே எழுத்து கிடைச்சு வெளியில வந்து நின்ன கூத்தெல்லாம் உண்டு. டிரைவ் வந்தும் எரர் நிக்கலைன்னா உள்ள டெம்ப் ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க. ரேம் டிஸ்க் ஒவ்வொரு தடவையும் வெறுமையாத்தான் பிறக்கும், ஃபோல்டரையும் டாஸ்க்கே உருவாக்கணும்.

அணைக்கும்போது ரேம் டிஸ்க்ல இருக்கறதை டிஸ்க்ல இமேஜ் ஃபைலா சேமிக்கற வசதி வெச்சிருந்தா, அப்கிரேடுக்கு முன்னாடி அதை வேற இடத்துல ஒரு காப்பி எடுங்க. அப்கிரேடுல மெஷின் பல தடவை ரீஸ்டார்ட் ஆகும். பாதியில வெறும் டிஸ்க் பழைய இமேஜ் மேலயே எழுதிட்டா யார்கிட்ட போய் அழறது?

இவ்வளவு கஷ்டப்பட்டு டெம்ப்பை ரேம்ல வைக்கறதே வீண். ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் மிச்ச வேலையை முடிக்கற இன்ஸ்டாலர்கள் டெம்ப்லதான் ஃபைலை விட்டுட்டுப் போகும், திரும்பி வந்தா காணோம். பிரவுசர் கேஷ் மாதிரி தொலைஞ்சா கவலையில்லாததுக்கு 1 ஜிபி, மிஞ்சினா 2 ஜிபி. 8 ஜிபி மெஷின்ல 4 ஜிபியை இதுக்குக் கொடுத்துட்டு விண்டோஸ் 11 தள்ளாடுதுன்னு திட்டறது நியாயமே இல்லை.

லினக்ஸ்காரங்க ரொம்பச் சிரிக்க வேண்டாம். 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-க்கு (டெபியன் ஒரு லினக்ஸ் வகை) அப்கிரேட் பண்ணி ரீபூட் பண்ணினா, கேக்காமலே அங்கத்திய டெம்ப் ஃபோல்டரான டிஎம்பி டைரக்டரி ரேமுக்குப் போயிடும். உச்ச அளவு மொத்த ரேம்ல பாதி. பழைய ஃபைலெல்லாம் அழிஞ்ச மாதிரி தெரியும், ஆனா புது மவுன்ட்டுக்கு அடியில டிஸ்க்லயேதான் இருக்கும். ரூட்டை வேற இடத்துல பைன்ட் மவுன்ட் பண்ணி எடுத்துக்கலாம். ரேம் வேண்டாம்னா டிஎம்பி மவுன்ட் யூனிட்டை systemctl கமாண்ட்ல மாஸ்க் பண்ணி ரீபூட் கொடுங்க. இது அத்தனையும் ரிலீஸ் நோட்ஸ்ல இருக்கு. அவங்களாவது எழுதி வெச்சாங்க.