எங்கும் போகாதவனிடம்தான் கதை இருந்தது
விடுமுறையில் வெளியூர் போகாத பிள்ளைக்கு வகுப்பில் சொல்ல ஒன்றும் இருக்காது என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை நான் ஏற்கமாட்டேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டப் பள்ளியில் படித்தபோது, பள்ளி திறந்ததும் வாத்தியார் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பார். கோலாலம்பூர் செந்தூலில் உள்ள அத்தை வீட்டுக்குப் போய் பத்துமலை முருகன் கோவிலில் 272 படி ஏறியதை நான் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தேன், ஏறினோம், குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்கியது, இறங்கினோம், அரை நிமிடத்தில் கதை முடிந்தது. எங்கள் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பையன் ஒருவன் எங்கும் போகவில்லை. அவன் சொன்ன கதை இதுதான்: வெயிலில் ரப்பர் காய் 'டப்'பென்று வெடித்துக் கொட்டை தகரக் கூரையில் விழுந்தது, அதைப் பொறுக்கிச் சிமெண்டுத் தரையில் சூடு ஏறும்வரை தேய்த்து, தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் தொடையில் வைத்தது, அப்புறம் அவர் துரத்தியதில் இவன் அல்லூரில், அதாவது சாக்கடையில், விழுந்தது. வகுப்பே சிரித்து அடங்கவில்லை, வாத்தியாரும்தான். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு சகோதரி, கேமரன் மலைக்காவது கூட்டிப்போகாவிட்டால் பிள்ளை ஏங்கிவிடும் என்கிறார். சரி, ஏங்கும்தான். ஆனால் போன வருடம் லங்காவித் தீவுக்குக் கூட்டிப்போன என் மகனிடம் என்னடா பார்த்தாய் என்று கேட்டால், ஓட்டலில் வைஃபை மெதுவாக இருந்தது என்கிறான்.