ராஜபார்ட் முகத்துக்குக் காலண்டர் ரோஸ் வேண்டாம்

மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடக (நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி வரவழைத்து விடிய விடிய ஆடும் நாடகம்) நடிகர்களைப் படமாக வரைகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். வள்ளி திருமண நாடகத்தில் முருகனாக வரும் ராஜபார்ட்டை, அதாவது கதாநாயக நடிகரை, வரைய உட்கார்ந்தால், கடைசியில் காலண்டர் முருகன்தான் வந்து நிற்கிறார். முகம், கழுத்து, கை எல்லாம் ஒரே ரோஸ். காலண்டர் சாமி படங்களுக்குப் பேர்போன கோவில்பட்டி கொண்டையராஜுவே நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். மேடையிலிருந்து காலண்டருக்குப் போன அழகு, திரும்பி வந்து மேடைக்காரர் முகத்தை மூடுகிறது.

மேடையில் நடிகரின் தாடை ஓரத்தைப் பாருங்கள். வேஷப் பூச்சு அங்கே நின்றுவிடும். அதற்குக் கீழே சொந்த நிறம். நடுராத்திரி தாண்டினால் மூக்கோரத்திலும் மேலுதட்டிலும் வியர்வையில் கரைந்து, கறுப்பு எட்டிப் பார்க்கும். படத்துக்கு உயிரே அங்கேதான்.

எண்ணெய் வண்ணத்தில் வரையும்போது, முதலில் டர்பென்டைனில் கரைத்த பர்ன்ட் அம்பரால் (கரும்பழுப்பு) நிழல், வெளிச்சம் பிரித்துவிடுங்கள். காய்ந்ததும் தோல் நிறம்: எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, துளி அல்ட்ராமரைன். அதுவும் காய்ந்த பிறகு, வேஷப் பூச்சை மேலே மெல்லிசாக இழுங்கள், அடி நிறம் தெரிகிற மாதிரி. டைட்டானியம் வெள்ளையை அப்படியே வைத்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி செத்துப்போகும். கொஞ்சம் ஆக்கர் சேர்க்க வேண்டும். ஆளி எண்ணெய் அடிப்பூச்சில் குறைவாக, மேலே போகப்போகக் கூடுதலாக. மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முந்திக் காய்ந்து வெடிப்பு விடும். உடுப்பின் சம்கிக்கு ஒவ்வொன்றாகப் புள்ளி வைக்காதீர்கள். நடுநிறம் பூசி, வெளிச்சம் விழும் பக்கம் பத்துப் பதினைந்து மட்டும் கெட்டியாக வைத்தால் மொத்தமும் மினுங்கும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் நாடக நடிகர் தியாகி விஸ்வநாததாஸ். 1886-ல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தில் பிறந்தார் என்பதற்காகவே அவரோடு ஜோடி சேர மறுத்த நடிகைகள் உண்டு. முருகன் வேஷத்திலேயே வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடி ஜெயிலுக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில், மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. அந்த மனுஷனை வழவழவென்று சிவந்த சாமியாக்கினால், எந்தப் பிறப்பைச் சொல்லி ஒதுக்கினார்களோ அதை நாமும் சேர்ந்து மறைக்கிறோம்.

கதாநாயகியாக வரும் ஸ்திரீபார்ட்டுக்கும் சிரிக்க வைக்கும் பபூனுக்கும் இதே நியாயம்தான். விடிய விடிய ரசித்த ஊரே மறுநாள் "கூத்தாடி" என்று சொல்லி வாடகைக்கு வீடு தராது. பபூனைத் தனியாக ஒரு படமாக வரைந்து வைத்திருக்கும் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

படத்துக்குக் கீழே "முருகன்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். நாடக நோட்டீஸில் போடுகிற மாதிரி ஊரையும் சேர்த்து நடிகர் பெயரை எழுதுங்கள். வார்னிஷ் ஆறு மாதம் கழித்து அடித்தால் போதும்.