தீ விபத்து இல்லை, பிபிசியே அழித்தது

பிரிட்டனின் பிபிசி டிவியில் வரும் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் பல 1960களின் எபிசோடுகள் தீ விபத்தில் எரிந்துபோனதாகச் சொல்வது சரியல்ல. அழித்தது பிபிசியேதான். அன்று வீடியோ டேப் விலை அதிகம். பழையதை அழித்துவிட்டு அதிலேயே புது நிகழ்ச்சியைப் பதிவார்கள். வெளிநாட்டுக்கு விற்க எடுத்த ஃபிலிம் பிரதிகளையும் விற்பனை உரிமை முடிந்ததும் குப்பையில் போட்டார்கள். வீட்டில் போட்டுப் பார்க்க வீடியோ வரும் என்று யார் நினைத்தார்கள்!

'ஒன்றுமே மிஞ்சவில்லை' என்பதும் தவறு. தொலைந்த எல்லா எபிசோடுகளுக்கும் ஒலி இருக்கிறது, டிவி ஓடும்போது ரசிகர்கள் வீட்டிலேயே பதிந்து வைத்த புண்ணியத்தில். அப்புறம், நைஜீரியாவில் கிடைத்த ஒன்பது எபிசோடுகள் 2013இல் வெளிவந்தன. தொடரின் நாயகன் 'டாக்டராக' அன்று நடித்த பாட்ரிக் ட்ரௌட்டனை ரசிப்பவர்கள் அதில் 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்' பாருங்கள்: டாக்டரும் அவரே, வில்லனும் அவரே.