எந்த கேம் என்று முதலில் சொல்லுங்கள்

"பையன் எந்நேரமும் துப்பாக்கி கேம் ஆடுறான், விடலாமா?" பள்ளி விடுமுறை தொடங்கினால் போதும், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி வந்துவிடும். போனைப் பிடுங்கி பீரோவில் வைக்கச் சொல்வார் ஒருவர். காலம் மாறிடுச்சு, கண்டுக்காதீங்க என்பார் இன்னொருவர். அது எந்த கேம், பையனுக்கு என்ன வயசு, யாரோடு சேர்ந்து ஆடுகிறான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்தப் பயம் புதிதில்லை. 1992-ல் வந்த 'மார்ட்டல் காம்பாட்' கேமில் தோற்றவனின் தலையை முதுகெலும்போடு பிடுங்கி எடுக்கும் காட்சி உண்டு. அதைப் பார்த்துப் பதறி அமெரிக்க செனட்டில் 1993 டிசம்பரில் விசாரணையே நடத்தினார்கள். அடுத்த வருடமே கேம்களுக்கு வயது முத்திரை தரும் ஈஎஸ்ஆர்பி அமைப்பு வந்தது. வன்முறை கேம்களைப் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 2005-ல் போட்ட சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-ல் ரத்து செய்தது. கிரிம் சகோதரர்கள் தொகுத்த குழந்தைக் கதைகளில் இல்லாத கொடூரமா என்று அந்தத் தீர்ப்பு கேட்டது. நம் வீட்டிலும் அப்படித்தானே? நரசிம்மர் இரணியனின் குடலை உருவி மாலையாகப் போட்ட கதையைக் கேட்டுக்கொண்டே சோறு சாப்பிட்டவர்கள் நாம். பெற்ற பிள்ளையையே அறுத்துக் கறி சமைத்த சிறுத்தொண்டர் கதையை இன்றைக்கு ஒரு கேமாகப் போட்டால் எந்த முத்திரை கிடைக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆராய்ச்சிகள் சொல்வது நாம் நினைக்கும் அளவுக்குத் திகிலாக இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் தன் நிலைப்பாட்டைத் திருத்தி எழுதியது: கத்துவது, தள்ளிவிடுவது போன்ற ஆவேசத்துக்கும் இந்த கேம்களுக்கும் சிறிய தொடர்பு இருக்கிறது, ஆனால் நிஜ வன்முறைக்கு இவைதான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. 2019-ல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரை எடுத்துப் பார்த்துவிட்டு, அவர்களின் ஆவேசத்துக்கும் வன்முறை கேம்களுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. அதனால் கேம் ஆடுகிற பையன் நாளைக்கு அரிவாள் எடுப்பான் என்ற கவலை எனக்கு இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் கொடுத்துவிட முடியாது. பையன்கள் 'ஜிடிஏ' என்று சொல்லும் கேமின் ஐந்தாம் பாகம் 2013-ல் வந்தது. ஐரோப்பாவில் அதற்கு 18 வயது முத்திரை. நாற்காலியில் கட்டிப்போட்ட ஒருவரைச் சித்திரவதை செய்யும் கட்டம் அதில் வருகிறது. குறடால் பல்லைப் பிடுங்குவது, மின்சாரம் பாய்ச்சுவது எல்லாவற்றையும் விளையாடுபவர் தன் கையால் செய்ய வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இதை ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். கார் ஓட்டுற கேம்தான் என்று நினைத்து அப்பா ஏற்றிக் கொடுத்திருப்பார். ஊரைச் சுற்றிக் கார் ஓட்டலாம்தான், அது பாதிதான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தச் சித்திரவதைக் காட்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. பயம் வந்தாலும், 'நான் பயப்படலையே' என்று நண்பன் முன்னால் சிரிக்கத்தான் தெரியும். என் வீட்டில் பதினெட்டுக்குள் அது கிடையாது.

ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ மாதிரி ஆன்லைனில் பலரோடு ஆடும் துப்பாக்கி கேம்களின் கதை வேறு. பப்ஜி 2020 செப்டம்பரிலும் ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் இங்கே தடை செய்யப்பட்டன. இரண்டுமே சீனா தொடர்பான தரவுப் பாதுகாப்பு விவகாரம், பிள்ளைகளை யோசித்துப் போட்ட தடைகள் அல்ல. பப்ஜி 2021-ல் பிஜிஎம்ஐ என்று பேர் மாற்றி வந்தபோது இரத்தத்தைப் பச்சையாக்கியிருந்தார்கள்! குண்டு பட்டால் பச்சையாகத் தெறிக்கும். துப்பாக்கி வேண்டுமானால் இருக்கட்டும், இந்த வகையில் எனக்குப் பிரச்சினை ஹெட்ஃபோன்தான். ஸ்குவாடில், அதாவது அணியில், கூட ஆடும் முகம் தெரியாத அண்ணன் என்ன பேசுகிறான் என்பது பையன் காதுக்கு மட்டும்தான் தெரியும். பப்ஜி ஆடிக்கொண்டே நேரலையில் ஆபாசமாகப் பேசிய யூடியூபர் ஒருவரை 2021-ல் தமிழ்நாட்டுப் போலீஸ் கைது செய்தது நினைவிருக்கிறதா? அந்த நேரலையைப் பார்த்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆன்லைனில் ஆட்கள் பேசிக்கொள்வது வயது முத்திரைக்குள் வராது. ப்ளே ஸ்டோரில் 'பயனர்கள் உரையாடலாம்' என்று ஒரு வரி போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அந்த வரியைப் படித்த பெற்றோரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அப்புறம் காசு. ஃப்ரீ ஃபயரில் டைமண்ட், பிஜிஎம்ஐயில் யூசி, இரண்டும் நிஜக் காசு கொடுத்து வாங்கும் கேம் காசு. டைமண்டைப் போட்டு சக்கரம் சுற்றினால் ஸ்கின் (கேமில் ஆளுக்கும் துப்பாக்கிக்கும் போடும் அலங்காரம்) விழலாம், விழாமலும் போகலாம். இப்படிக் காசு கட்டி அதிர்ஷ்டத்தில் பொருள் எடுக்கும் 'லூட் பாக்ஸ்' முறையை பெல்ஜியம் 2018-லேயே சூதாட்டம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் 2025-ல் வந்த விதிகள் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தடுத்தன, நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை யாரையும் உள்ளே விடவில்லை. ஆனால் அவை ரம்மி மாதிரி பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு மட்டும். ஸ்கின்னுக்காகச் சக்கரம் சுற்றும் ஏழாம் வகுப்புப் பையனுக்கும் அந்த விதிக்கும் சம்பந்தம் இல்லை. அவனுக்கு அம்மாவின் யூபிஐ பின் தெரிந்தால் போதும்.

போனைப் பிடுங்கினால் பையன் வெறி பிடித்த மாதிரி கத்துகிறான், அந்த கேம்தான் அவனைக் கெடுத்துவிட்டது என்பார்கள். பாதி நேரம் காரணம் சாதாரணமானது. மேட்ச் நடுவில் பிடுங்கியிருப்பார்கள். ஃப்ரீ ஃபயர் ஒரு மேட்ச் பத்து நிமிடம் போல, பிஜிஎம்ஐ அரை மணி வரை போகும். நடுவில் போனால் கூட இருக்கும் மூன்று பேரும் மாட்டுவார்கள், மறுநாள் வகுப்பில் அவனுக்குத்தான் திட்டு. 'ஒரு மணி நேரம்' என்று கணக்கு வைக்காமல் 'ரெண்டு மேட்ச்' என்று வைத்துப் பாருங்கள், வீட்டில் சத்தம் குறையும்.

கேமைப் பற்றிப் புலம்பும் இதே வீடுகள்தான் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படத்துக்குப் போகின்றன. ஹீரோ வரிசையாகக் கை கால்களை வெட்டிக்கொண்டே போவார், பிள்ளை மடியில் உட்கார்ந்து பாப்கார்ன் சாப்பிடும். இப்போது யு/ஏ சான்றிதழையே 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். போஸ்டரில் அந்த எண்ணை யார் பார்க்கிறோம்?

என் வழக்கம் இதுதான். எந்த கேமாக இருந்தாலும் முதலில் நானும் ஒரு மேட்ச் ஆடிப் பார்ப்பேன். (பாராசூட்டில் இறங்கிய உடனே செத்துவிடுவேன், அது வேறு விஷயம். வீட்டில் எனக்கு 'நூப்', அதாவது கத்துக்குட்டி, என்றே பேர்.) அப்படி ஆடும்போதுதான் எது வெறும் ஓட்டப்பந்தயம், எது நிஜமாகவே கொடூரம் என்று தெரிகிறது. பத்து வயதுக்குள் ஆன்லைன் துப்பாக்கி கேம் எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு மேல் ஹாலில் உட்கார்ந்து, மைக்கை அணைத்து, ஹெட்ஃபோன் இல்லாமல் ஆடட்டும். பள்ளி நண்பர்களோடு என்றால் மைக்கும் சரி. பிள்ளைக்குப் பிள்ளை மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். என் மகள் இதே பச்சை இரத்தத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை, அவளுக்கு நாங்கள் அதை நிறுத்திவிட்டோம்.

மகன் இப்போது எட்டாவது. ஜிடிஏ கேட்டு நச்சரிக்கிறான். வகுப்பில் எல்லாரும் ஆடுகிறார்களாம், எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படியாம். அந்தப் பல் பிடுங்கும் கட்டத்தைச் சொல்லி ஏன் வேண்டாம் என்று விளக்கினேன். "அதை ஸ்கிப் பண்ணிக்கலாம்பா" என்றான். சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.