சிசியைப் பார்க்காதீர்கள், முழங்காலைப் பாருங்கள்
பருமனானவர்கள் முதல் மோட்டார் சைக்கிளாக 250 சிசிக்குக் குறைந்து வாங்கவே கூடாதென்று இங்கே வந்த கட்டுரை அடித்துச் சொல்கிறது. பினாங்கின் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் நின்று பாருங்கள்: கப்சாய் என்று நாங்கள் சொல்லும் 110 சிசி சின்ன மோட்டார் சைக்கிளில் கணவன், மனைவி, நடுவில் காய்கறி மூட்டை! இழுப்பதில் குறையில்லை, இடிப்பது முழங்கால்தான். நல்ல உயரமும் நூறு கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட என் அண்ணன் மகன் கப்சாயின் ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் அது அவன் முட்டியில் போய் நிற்கும். கடையிலேயே ஏறி உட்கார்ந்து, இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, நிமிர்ந்து ஓட்டும் 150 சிசி வண்டி ஒன்றை எடுத்தோம். பின்சக்கர ஸ்பிரிங்கை இறுக்கி, இருவர் ஏறும்போது வைக்கும் காற்றை டயருக்கு வைத்த பிறகு பினாங்குப் பாலத்திலும் தள்ளாடுவதில்லை. தாழ்ந்த இருக்கையே போதும் என்று மேலே கருத்து எழுதிய நண்பரே, நெட்டையானவர் காலை எங்கே மடக்கி வைப்பார்? மலேசியாவின் பி2 மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் 250 சிசி வரை விடுகிறது என்பதற்காகப் பழகும்போதே அந்தக் கனத்தையும் கடனையும் சுமக்க வேண்டுமா?