எங்கள் சென்டரையும் தூக்கிவிட்டார்கள்

மார்ச் மாதம் முடியவில்லை, அதற்குள் போய்விட்டான். எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து டீமின் சென்டரை, அதாவது வளையத்துக்கு அடியில் ஆடுகிற நெட்டையனைத்தான் சொல்கிறேன். ஏழடிப் பையன். எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோளக்காடுகளுக்கு நடுவில், டிவிக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு சின்ன கான்ஃபரன்ஸில், அதாவது கல்லூரிகளின் லீக்கில், ஆடுகிற டீம். நான் எம்.எஸ். படித்த இடம் என்பதால் அந்தப் பைத்தியம் இன்னும் விடவில்லை. முதல் வருஷம் அவன் உள்ளே வந்தால் நான்கு நிமிடத்தில் மூன்று ஃபவுல் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவான். இரண்டாம் வருஷம் பந்தைப் பிடிக்கத் தெரிந்தது, பிடித்தபின் என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்றாம் வருஷம்தான் நிமிர்ந்தான். இடது கையால் ஹூக் ஷாட், இரண்டு பேர் சூழ்ந்தால் மூலையில் நிற்பவனுக்குப் பாஸ், எல்லாம் வந்தது. சீசன் முடிந்த வாரமே டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில், அதாவது கல்லூரி மாற விரும்புகிறவர்களின் பட்டியலில், பெயர் கொடுக்கப் போவதாக அறிவித்துவிட்டான். கொஞ்ச நாளில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் ஜெர்சியோடு ஃபோட்டோ. அதன் கீழே அந்த ஊர் ரசிகர்கள் "எங்களுக்கு இப்படி ஒரு பிக் மேன்தான் தேவைப்பட்டது" என்று குதிக்கிறார்கள். தேவைப்பட்டதாம்! அவன் ஃப்ரீ த்ரோ போர்டில்கூடப் படாமல் போன காலத்தில் எங்கே இருந்தீர்கள்?

பையனைத் திட்ட மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பேச ஆரம்பித்தாலே "அப்போ அவன் சம்பாதிக்கக் கூடாதா?" என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். தாராளமாகச் சம்பாதிக்கட்டும். கோச்சுகள் கோடிகளுக்காக ஊர் மாறும்போது யாரும் விசுவாசம் பற்றி வகுப்பெடுக்கவில்லை. டிவிப் பணம் முழுவதையும் பல்கலைக்கழகங்கள் வாரிக்கொண்டு, ஆடுகிறவனுக்கு ஸ்காலர்ஷிப்பும் சாப்பாடும் கொடுத்துப் பல வருஷம் ஓட்டின. அந்தக் காலம் திரும்ப வர வேண்டாம். என் ஆத்திரம் வேறு. நெட்டையான ஆட்டக்காரன் உருவாக மூன்று வருஷம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்று வருஷத்தையும் ஒரே இடத்தில் கொடுக்க யாரும் தயாரில்லை. கொடுக்கிற சின்ன டீம்களுக்கோ கடைசியில் பட்டை நாமம்.

போர்ட்டல் வந்தது 2018 அக்டோபரில். அப்போது அது வெறும் பெயர்ப் பட்டியல்தான். மாறினால் பெரும்பாலும் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற பழைய விதி அப்படியே இருந்தது. 2021-இல் முதல் முறை மாறுபவர்கள் உட்கார வேண்டாம் என்றார்கள். அதே வருஷம் ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் பார்க்கலாம் என்றானது. 2024-இல், படிப்பில் தேறினால் போதும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தப்படி பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருஷ உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துத்தான், ஆனால் பெரிய பங்கு அமெரிக்கக் கால்பந்துக்குப் போகும். 2025 வசந்தத்தில் மட்டும் ஆண்கள் கூடைப்பந்தில் 2,000 பேருக்கு மேல் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள். முதல் டிவிஷனில் இருப்பதே சுமார் 360 டீம்கள். டீமுக்கு ஐந்தாறு பேர் வருகிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனித்தீர்களா? அந்தப் பழைய 'உட்கார்' விதி அநியாயமானதுதான், ஆனால் நெட்டையர்களுக்கு மட்டும் அது மறைமுகமாக நல்லது செய்தது. ஒரு வருஷம் மேட்ச் இல்லை, ஜிம்மும் பயிற்சியும்தான். வேறென்ன வேண்டும் அவர்களுக்கு?

கார்டு, அதாவது வெளியே நின்று பந்தைத் தட்டி ஆட்டத்தை நடத்துகிறவன், எட்டு வயதிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறான். அவன் திறமை கையிலேயே இருக்கிறது, எந்த ஊருக்குப் போனாலும் கூடவே போகும். நெட்டையன் கதை அப்படியில்லை. பதினைந்து வயதில் திடீரென்று வளர்ந்திருப்பான்; தன் கால் எங்கே முடிகிறது என்றே அவனுக்குத் தெரியாது. உடம்பில் சதை பிடிக்கவே இரண்டு வருஷம். அதற்குள் முழங்கால், கணுக்கால், முதுகு என்று ஏதாவது ஒன்று மக்கர் பண்ணும். பள்ளியில் எதிரே நின்றவர்கள் எல்லாம் ஆறடி மூன்று அங்குலம்; கையைத் தூக்கினாலே போதும், பாயிண்ட். இங்கே வந்தால் இருபத்திரண்டு வயது முரடன் ஒருவன் இடுப்பால் ஒரு இடி இடித்து இரண்டடி தள்ளி நிறுத்துகிறான்.

அதைவிடப் பெரிய தலைவலி டிஃபென்ஸ். எதிரணி ஸ்கிரீன் வைத்தால், அதாவது ஒருவன் குறுக்கே நின்று நம் ஆளின் வழியை மறித்தால், சென்டர் என்ன செய்ய வேண்டும்? ஒரு கோச் பின்னால் இறங்கி வளையத்தைக் காத்து நில் என்பார். இன்னொருவர் வெளியே பாய்ந்து பந்தை வைத்திருப்பவனை மறித்துவிட்டு ஓடி வா என்பார். மூன்றாமவர் ஆளை மாற்றிக்கொள் என்பார். ஒவ்வொன்றுக்கும் காலடி வேறு, கோணம் வேறு. கூட ஆடுகிற நாலு பேர் எங்கே நிற்பார்கள் என்று தெரிந்தால்தான் எதுவும் சரியாக வரும். ஒன்றைப் படித்து உடம்பில் ஏற்றவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏறியதும் ஊர் மாறுகிறான். புது கோச், புது சட்டம், மறுபடியும் அரிச்சுவடி. மூன்று வருஷத்தில் மூன்று கல்லூரி பார்த்த சென்டர்களைப் பாருங்கள், பலருக்கு முதலாம் வருஷ அனுபவம்தான் மூன்று முறை கிடைத்திருக்கும்.

சரி, காத்திருந்தால் என்ன கிடைக்கும்? பர்டியூ பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். ஸாக் ஈடி, டொராண்டோ பையன், 7 அடி 4 அங்குலம். சின்ன வயதில் ஐஸ் ஹாக்கி, பேஸ்பால் என்று சுற்றிவிட்டுப் பள்ளியின் கடைசி வருஷங்களில்தான் கூடைப்பந்துக்கு வந்தான். 2020-இல் அவன் கல்லூரியில் சேர்ந்தபோது பள்ளி ஆட்டக்காரர்களின் தரவரிசையில் 400-க்கும் கீழே. முதல் வருஷம் மேட்சுக்கு 15 நிமிடம்கூட இல்லை, 8.7 பாயிண்ட். இரண்டாம் வருஷமும் டிரெவியன் வில்லியம்ஸோடு நேரத்தைப் பங்குபோட்டுத்தான் ஆடினான். மூன்றாம் வருஷம் 22.3 பாயிண்ட், நாட்டின் சிறந்த ஆட்டக்காரன். அந்த வருஷமே தேசிய டோர்னமென்டின் முதல் சுற்றில், தரவரிசையில் கடைசியான 16-ஆம் இடத்து டீம் ஃபேர்லி டிக்கின்சனிடம் தோற்று ஊரே சிரித்தது. அப்போதும் போகவில்லை. நான்காம் வருஷம் 25.2 பாயிண்ட், மறுபடியும் சிறந்த ஆட்டக்காரன். அடுத்தடுத்து இரண்டு முறை அந்தப் பட்டம் 1980-களின் ரால்ஃப் சாம்ப்சனுக்குப் பிறகு அவனுக்குத்தான். டீமை இறுதிப்போட்டி வரை கொண்டுபோனான். கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோற்ற அந்த மேட்சில் டீமின் 60-இல் 37 அவனுடையது!

ஈடி நினைத்திருந்தால் இரண்டாம் வருஷத்தோடு போயிருக்கலாம், விதி இடம் கொடுத்தது. போகாதது அவன் குணம். ஒருவனின் குணத்தை நம்பியா ஒரு விளையாட்டை நடத்துவது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020-இல் அதே பர்டியூவிலிருந்து மாட் ஹார்ம்ஸ் என்ற 7 அடி 3 அங்குல சென்டர் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்குப் போனதால்தான் ஈடிக்கு முதல் வருஷமே இடம் கிடைத்தது. ஆக, போவதெல்லாம் கெடுதல் என்று சொல்ல வரவில்லை.

விஸ்கான்சினில் ஃபிராங்க் கமின்ஸ்கி முதல் வருஷம் 1.8 பாயிண்ட், இரண்டாம் வருஷம் 4.2. இன்றைக்கு இந்தக் கணக்கோடு ஒரு பையன் இருந்தால் கோச்சே கூப்பிட்டு, "தம்பி, உனக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வது நல்லது" என்று போர்ட்டல் பக்கம் தள்ளிவிடுவார். கமின்ஸ்கி நான்காம் வருஷம் 18.8 பாயிண்ட் எடுத்து 2015-இல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரன் ஆனான். டிம் டங்கன் வேக் ஃபாரஸ்டுக்காக ஆடிய முதல் மேட்சில் ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை. நான்கு வருஷம் இருந்தார், 1997-இல் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதில், முதல் ஆள். நைஜீரியாவின் லாகோஸில் ஹேண்ட்பால் ஆடிக்கொண்டிருந்த ஹக்கீம் ஒலாஜுவான் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வருஷம் முழுக்க ரெட்ஷர்ட், அதாவது டீமில் இருந்தும் மேட்ச் ஆடாமல் பயிற்சி மட்டும். 1984 டிராஃப்டில் முதல் ஆள், மைக்கேல் ஜோர்டனுக்கும் முன்னால்.

அந்த ரெட்ஷர்ட் என்பதே இப்போது கெட்ட வார்த்தை ஆகிவிட்டது. பணம் கொடுத்து ஒருத்தனை உட்கார வைக்க எந்த கோச்சுக்கு மனம் வரும்? உட்காருகிற பையனுக்கும் அவனுடைய ஏஜென்ட்டுக்கும்தான் பொறுமை ஏது? பர்டியூ போன்ற சில இடங்களில்தான் இன்னும் அது நடக்கிறது. டிரே காஃப்மன்-ரென் 2021-22 முழுக்க ரெட்ஷர்டாக உட்கார்ந்தவன், 2024-25-இல் சராசரி 20.1 பாயிண்ட்.

மற்றவர்கள் எல்லாம் அங்காடிக்கு ஓடுகிறார்கள். 2024-இல் கென்டக்கியிலிருந்து ஆர்கன்சாவுக்குப் போன கோச் கலிப்பாரி, டீமைச் சந்தித்தேன், டீமே இல்லை என்று மேடையில் சிரித்துக்கொண்டே சொன்னார். மயாமியின் கோச் லாரன்யாகா 2023-இல் ஃபைனல் ஃபோர், அதாவது அரையிறுதி வரை போனார். அதற்குப் பிறகு எட்டுப் பேர் போர்ட்டலுக்குப் போகிறோம் என்று வந்து நின்றார்களாம். 2024 டிசம்பரில், சீசன் நடுவிலேயே மனிதர் விட்டுவிட்டுப் போனார். வர்ஜீனியாவின் கோச் டோனி பென்னட் சீசன் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது ஓய்வு அறிவித்தார், இந்தச் சூழலுக்கு நான் சரியான ஆள் இல்லை என்று. இதன் உச்சம் 2025 டிசம்பர்: 2023 என்.பி.ஏ. டிராஃப்டில் 31-ஆவதாகத் தேர்வாகி, பார்சிலோனாவில் தொழில்முறையாக ஆடிய ஜேம்ஸ் நாஜி என்ற ஏழடி சென்டரை பேய்லர் பல்கலைக்கழகம் சீசன் நடுவில் சேர்த்துக்கொண்டது. கல்லூரி மாணவராம்!

தென்னையை வைத்தவன் தின்னுட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துட்டுச் சாவான் என்பார்கள். எங்களுக்குப் பார்க்கக்கூட விடுவதில்லை. மரத்தையே வேரோடு பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

"ஜெயிக்க வேண்டுமென்றால் வாங்கித்தான் ஆக வேண்டும்" என்பவர்கள் 2025 சாம்பியன் ஃப்ளோரிடாவைப் பாருங்கள். ஆமாம், கிளேட்டன், மார்ட்டின், ரிச்சர்ட் மூன்று கார்டுகளும் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் உள்ளே மல்லுக்கட்டியவர்களில் அலெக்ஸ் காண்டனும் தாமஸ் ஹாவும் அங்கேயே முதலாம் வருஷம் சேர்ந்து அங்கேயே வளர்ந்தவர்கள். காண்டன் ஆஸ்திரேலியாவில் அவர்கள் ஊர்க் கால்பந்து ஆடி வளர்ந்த பையன். கார்டை வாங்கு, சென்டரை வளர் என்பது அங்கே வேலை செய்தது. ஆனால் அதைச் செய்ய ஃப்ளோரிடாவிடம் காசு இருக்கிறது. வளர்த்த பிறகும் பிடித்து வைத்துக்கொள்ள முடியும். எங்கள் கல்லூரி என்ன செய்யும், கேக் விற்று நிதி திரட்டுமா?

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. உலகக் கால்பந்தில் ஒப்பந்தம் முடியுமுன் ஆட்டக்காரன் பணத்துக்குக் கைமாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை அவன் 12 வயதிலிருந்து 23 வயது வரை பயிற்சி பெற்ற கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று ஃபிஃபா விதியே வைத்திருக்கிறது. இங்கேயும் வையுங்கள். பையனின் பங்கில் கை வைக்க வேண்டாம், அவன் முழுசாக வாங்கிக்கொள்ளட்டும். அவனை வாங்குகிற பெரிய பல்கலைக்கழகம், வளர்த்த சின்னக் கல்லூரிக்குத் தனியாக ஒரு தொகை கட்டட்டும். அந்தக் காசில் அடுத்த நெட்டையனுக்கு ஒரு நல்ல பயிற்சியாளரையாவது வைப்போம். அதைச் செய்கிற வரைக்கும், எங்கள் நிர்வாகம் தயவுசெய்து சீசன் டிக்கெட் விலையை ஏற்றிவிட்டு "புதிய அத்தியாயம்" என்று எனக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம்.