"நீங்களே தானேம்மா அனுப்பினீங்க?"

என் பெரியம்மாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவர். போன மாதம் ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் ஒரு வங்கிக் கணக்கு எண்ணை எழுதியிருந்தார். நான்கு நான்கு இலக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் கீழே சின்னதாக இரண்டு டிக். இரண்டு தடவை சரிபார்த்திருக்கிறார். பணம் தப்பான கணக்குக்குப் போய்விடக் கூடாதே என்ற கவனம் அது.

அந்த எண்ணைப் போனில் சொன்னவன் திருடன்.

நாற்பது நிமிடம் அவரைப் போனை வைக்கவே விடவில்லை. "உங்கள் வங்கியின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து பேசுகிறோம். உங்கள் கணக்குக்குள் யாரோ நுழையப் பார்க்கிறார்கள். பணத்தை உடனே பத்திரமான கணக்குக்கு மாற்றிவிடுங்கள், பிறகு நாங்களே திருப்பிப் போட்டுவிடுவோம்" என்றானாம். பெயர், கிளை, அட்டையின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் சரியாகச் சொன்னானாம். பெரியம்மா மூன்று தடவையாக அனுப்பினார். மூன்று தடவையும் பின் நம்பரைப் பிழையில்லாமல் போட்டார். ஆப் மூன்று தடவையும் பச்சை டிக் காட்டியது.

மறுநாள் வங்கிக்கு நானும் கூடப் போனேன். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டி, "நீங்களே தானேம்மா அனுப்பியிருக்கீங்க? பின் நம்பரும் நீங்கதானே போட்டீங்க? எங்க சிஸ்டத்துல எந்தத் தப்பும் இல்லையே" என்றார். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். அப்புறம், "என் தப்புதாண்டா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நோட்டே இல்லாத பொருளாதாரம், எல்லாம் டிஜிட்டல், எல்லாம் பாதுகாப்பு என்கிறார்கள். "நீங்களே தானே அனுப்பினீர்கள்" என்பது வங்கியின் கடைசிப் பதிலாக இருக்கும்வரை, அதைப் பாதுகாப்பானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் டிஜிட்டல் பணத்துக்கு எதிரி இல்லை. கென்யாவில் 2007ல் எம்-பெசா என்ற போன்வழிப் பணச் சேவை வந்தபோது, வங்கிப் படியையே மிதிக்காத லட்சக்கணக்கானவர்கள் சாதாரண பட்டன் போனிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். அதுவரை தெரிந்தவர் கையிலோ பஸ் டிரைவர் கையிலோ கொடுத்துவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்று காத்திருந்தவர்கள். அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது எனக்குப் புரிகிறது. நானும் தினமும் போனில்தான் பணம் கட்டுகிறேன்.

தொழில்நுட்பத்தையும் குறை சொல்ல மாட்டேன். பூட்டு உண்மையிலேயே பலமானது. பழைய அட்டையின் காந்தப் பட்டையில் எப்போது தேய்த்தாலும் ஒரே தகவல்தான். ஒரு தடவை நகல் எடுத்தால் போதும். 2013ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரம் அப்படித்தான் போனது. குளிர்சாதன வேலை செய்யும் ஒப்பந்ததாரருக்குக் கொடுத்திருந்த பாஸ்வேர்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, பில் போடும் கருவி வரை போய்விட்டார்கள். சிப் அட்டை அப்படியில்லை. அதற்குள் இருக்கும் சாவி வெளியே வருவதே இல்லை. அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லுபடியாகும் குறியீட்டைத்தான் உருவாக்கித் தருகிறது. போனில் அட்டையைச் சேர்த்தால் உண்மையான எண்ணுக்குப் பதிலாக ஒரு டோக்கன் எண். இந்தியாவில் 2016ல் வந்த யூபிஐ, கணக்கை உங்கள் போனோடும் சிம்மோடும் சேர்த்துக் கட்டிவிட்டு, அதற்கு மேல் பின் நம்பரும் கேட்கிறது.

ஆனால் இந்தப் பூட்டுகள் எல்லாம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கின்றன: வந்திருப்பது சரியான ஆள்தானா? அன்றைக்கு வந்திருந்தது என் பெரியம்மாதான். அவர் காதில் யார் என்ன ஓதிக்கொண்டிருக்கிறான் என்று எந்தப் பூட்டும் கேட்கவில்லை. பூட்டை உடைக்க முடியாது என்று தெரிந்த திருடன், சாவி வைத்திருப்பவரைத் தேடிப் போகிறான்.

வங்கிக்கு ஒன்றுமே தெரிந்திருக்காதா? எழுபதைத் தாண்டிய ஒருவர். மாதாமாதம் அதே நான்கைந்து பேருக்குத்தான் பணம் அனுப்புபவர். திடீரென்று இதுவரை அனுப்பாத கணக்குக்கு, இதுவரை அனுப்பாத பெரிய தொகையை, அரை மணி நேரத்துக்குள் மூன்று தடவை அனுப்புகிறார். நாம் ஒரு பொருள் வாங்கினால் அடுத்த நிமிடமே அதற்கேற்ற கடன் வேண்டுமா என்று கேட்கத் தெரிந்த கணினிக்கு, இது கண்ணில் படாதா? இன்னொன்றும் உண்டு. பணம் போய்ச் சேர்ந்த அந்தக் கணக்கையும் திறந்து கொடுத்தது ஏதோ ஒரு வங்கிதானே? பணம் வந்த சில நிமிடங்களில் கணக்கு காலியானால், அது கமிஷனுக்கு வாடகைக்கு விட்ட கணக்காக இருக்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லையா? "நீங்களே தானே அனுப்பினீர்கள்" என்று எங்களைக் கேட்டவர்கள், "நீங்கள்தானே கணக்குத் திறந்து கொடுத்தீர்கள்" என்று அந்த வங்கியைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த வாக்கியம் புதிது இல்லை. ஏடிஎம் வந்த காலத்திலிருந்தே இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ராஸ் ஆண்டர்சன் 1993ல் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். நான் எடுக்கவே இல்லை என்று வாடிக்கையாளர் சொன்னால், எடுத்தது அவர்தான் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அமெரிக்காவில் வங்கியின் மேல் இருந்தது. பிரிட்டனில் வங்கிகள், எங்கள் கணினியில் தவறு நடக்கவே நடக்காது, எடுத்தது நீங்களோ உங்கள் வீட்டாரோதான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடிந்தது. அப்படியென்றால் பாதுகாப்புக்கு அதிகம் பாடுபட்டிருக்க வேண்டியது பொறுப்பைச் சுமந்த அமெரிக்க வங்கிகள்தானே? பாடுபட்டன. ஐரோப்பிய வங்கிகளைவிடக் குறைவாகவே செலவு செய்தன, ஆனால் அதைப் பயன் தரும் இடத்தில் செய்தன. தப்பித்துக்கொள்ள முடிந்த பிரிட்டிஷ் வங்கிகள் மெத்தனமாக இருந்தன, மோசடியும் பெருகியது.

அந்த மெத்தனம் எதுவரை போனது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். பிரிட்டனில் ஒரு போலீஸ் கான்ஸ்டபிள், தன் கணக்கிலிருந்து தான் எடுக்காத பணம் போயிருக்கிறது என்று புகார் கொடுத்தார். எங்கள் சிஸ்டத்தில் தப்பில்லை, அப்படியானால் இவர் பொய் சொல்கிறார் என்று வழக்கு அவர் மேலேயே திரும்பி, 1994ல் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில், அந்த சிஸ்டத்தை எதிர்த்தரப்பு நிபுணர் பரிசோதிக்க, அவர் கணக்கு வைத்திருந்த ஹாலிஃபாக்ஸ் நிறுவனம் சம்மதிக்கவில்லை. 1996ல்தான் அவர் விடுதலையானார். இதைப் படித்தபோது படியில் உட்கார்ந்திருந்த பெரியம்மாதான் நினைவுக்கு வந்தார்.

நட்டம் யார் தலையில் விழுகிறதோ அவர்தான் பூட்டைச் சரிசெய்வார். அமெரிக்கக் கடைகள் சிப் கருவிக்கு மாற வருடக்கணக்கில் இழுத்தடித்தன. 2015 அக்டோபரிலிருந்து, சிப் வசதி இல்லாத கடையில் போலி அட்டை தேய்க்கப்பட்டால் நட்டம் கடைக்காரருடையது என்று அட்டை நிறுவனங்கள் விதி போட்டன. அதற்குப் பிறகுதான் கருவிகள் வேகமாக மாறின.

இன்றைய விதிகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2017ல் கொடுத்த சுற்றறிக்கை நல்லதுதான். வெளியாள் புகுந்து பணத்தை எடுத்து, மூன்று வேலை நாளுக்குள் நாம் புகார் செய்தால் நமக்குப் பொறுப்பில்லை. பொறுப்பு நம்முடையது என்று வங்கி சொன்னால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். ஆனால் அது அனுமதியில்லாத பரிவர்த்தனைக்குத்தான். பெரியம்மா போல ஏமாற்றப்பட்டு, தன் கையாலேயே அனுப்பியவர் அதற்குள் வரமாட்டார். சிங்கப்பூரில் 2024 டிசம்பரில் வந்த ஏற்பாடும் அப்படித்தான். போலி இணையதளத்தில் விவரம் பறிபோய், வங்கியோ தொலைபேசி நிறுவனமோ தன் கடமையில் தவறியிருந்தால், தவறியவர் நட்டத்தை ஏற்க வேண்டும். தானே அனுப்பியவருக்கு அதில் இடமில்லை.

பிரிட்டன்தான் இந்த ஓட்டையை நேராக அடைத்தது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு உள்நாட்டுக்குள் பணம் அனுப்பியவருக்கு 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும். அந்த நட்டத்தை அனுப்பிய வங்கியும் வாங்கிய வங்கியும் சரிபாதியாக ஏற்க வேண்டும். வாங்கிய வங்கியையும் சேர்த்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தவருக்கும் இப்போது வலிக்கும். ஒரு காலத்தில் "எங்கள் சிஸ்டத்தில் தப்பில்லை" என்று சொன்ன அதே நாடு இது.

இப்படிச் செய்தால் மக்கள் அலட்சியமாகிவிடுவார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த உறையை அவரிடம் காட்டினேன். ஒவ்வொரு நான்கு இலக்கத்துக்கும் கீழே இரண்டு டிக் போட்டவரை அலட்சியமானவர் என்று எப்படிச் சொல்வது? இந்த மோசடியே நம் கவனத்தையும் பயத்தையும் வைத்துத்தான் நடக்கிறது. எவ்வளவு கவனமானவரோ அவ்வளவு ஒழுங்காகச் சொன்னதைச் செய்வார்.

அப்புறம் வேகம். கண் சிமிட்டும் நேரத்தில் பணம் போவதைப் பெருமையாகச் சொல்கிறோம். 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் சிஸ்டத்துக்குள் புகுந்தவர்கள், நியூயார்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட 95 கோடி டாலரை மாற்றச் சொல்லி 35 உத்தரவுகள் அனுப்பினார்கள். பூட்டைப் பொறுத்தவரை எல்லாம் முறையான உத்தரவுகள். 8 கோடி 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் மட்டும் திரும்பி வந்தது, பெறுபவர் பெயரில் ஒரு எழுத்துப்பிழை இருந்ததை யாரோ கவனித்துக் கேள்வி கேட்டதால். மீதி உத்தரவுகளில் பெரும்பாலானவை சந்தேகத்தின் பேரில் நிறுத்தி வைக்கப்பட்டதால் தப்பின. ஒரு நாட்டின் மத்திய வங்கியையே காப்பாற்றியது ஒரு சின்னத் தாமதம். பெரியம்மாவுக்கு அந்தத் தாமதம் கிடைக்கவில்லை. புதிய கணக்குக்கு முதல் தடவை பெரிய தொகை அனுப்பினால் சில மணி நேரம் நிறுத்தி வைத்தால் யாருக்கு என்ன நட்டம்? அவசரம் என்பவர் வேறு வழி கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து நொடிக்குள் பணம் போக வேண்டும் என்று விதி போட்டவர்கள்கூட, எண்ணும் பெயரும் பொருந்துகிறதா என்று அனுப்புவதற்கு முன்பே காட்ட வேண்டும் என்று 2025 அக்டோபரில் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

விதி மாறும்வரை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. பெரியம்மாவுக்கு இப்போது இரண்டு கணக்கு. சேமிப்பு இருக்கும் கணக்கு போனிலேயே கிடையாது. போனில் இருக்கும் கணக்கில் மாதச் செலவுக்கான பணம் மட்டும், அதற்கும் தினசரி வரம்பைக் குறைத்து வைத்திருக்கிறோம். வங்கியிலிருந்து என்று யார் கூப்பிட்டாலும் போனை வைத்துவிட்டு, அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு அவரே கூப்பிட வேண்டும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, அது அனுப்புவதற்கு மட்டும்தான் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். திரையைப் பகிரும் ஆப் எதையும் யார் சொன்னாலும் இறக்கக் கூடாது. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு ஒரு நிமிடம்கூட ஒளித்துவைக்கக் கூடாது. பெரியம்மா எங்களிடம் சொல்ல ஒரு இரவு முழுவதும் எடுத்துக்கொண்டார். அந்த இரவில் பணம் எத்தனை கணக்கு தாண்டியதோ.

நோட்டையே ஒழிக்க வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நோட்டை அனேகமாக மறந்தே போன நாடு ஸ்வீடன். அந்த நாட்டு அரசே 2018ல் வீடுவீடாக அனுப்பிய நெருக்கடிக்காலக் கையேட்டில், சில்லறை நோட்டுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மின்சாரம் போனபோது அட்டைக் கருவிகள் படுத்துவிட்டன, பையில் நோட்டு இருந்தவர்தான் சாமான் வாங்கினார். 2022 ஜூலையில் கனடாவில் ரோஜர்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் இணைப்பு அறுந்ததும், நாடு முழுக்க டெபிட் அட்டை நின்றுபோனது. நார்வே 2024 அக்டோபரிலிருந்து கடைகள் நோட்டை மறுக்கக் கூடாது என்று சட்டத்தை இறுக்கியிருக்கிறது. இந்தப் பாதையில் நமக்கு முன்னால் வெகுதூரம் போனவர்களே திரும்பி வந்து ஒரு கதவைத் திறந்து வைக்கிறார்கள். பெரியம்மா இனிமேல் நோட்டில்தான் கொடுப்பேன் என்றால், அவரைப் பழைய காலத்து மனுஷி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

எங்கள் புகாருக்கு இதுவரை வங்கியிடமிருந்து எழுத்தில் எந்தப் பதிலும் இல்லை, எல்லாம் வாய்வார்த்தைதான். நேற்று பெரியம்மா தன் கையாலேயே மூன்றாவது கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று கேள்விகள். என் பெயரும் அட்டை எண்ணும் அவனுக்கு எப்படிக் கிடைத்தது? பணம் வாங்கிய கணக்கு யாருடையது, எந்த ஆவணத்தை வைத்துத் திறக்கப்பட்டது? மூன்று பரிவர்த்தனைக்கும் உங்கள் கணினி ஏன் எச்சரிக்கவில்லை? இப்படி ஏமாற்றப்பட்டு வங்கியிடம் எழுத்தில் பதில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். திங்கட்கிழமை கடிதத்தைப் பதிவுத் தபாலில் போடுவதற்குள் சேர்க்க வேண்டியதைச் சேர்த்துவிடலாம்.